காய்ப்பதற்குள் சாயும் மரங்கள்

2024 ஆகஸ்ட் 8 அன்று, நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பாரிஸ் ஒலிம்பிக்கின் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் தங்கம் வென்றார். நம் நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. மறுநாள் முழுக்க இந்த இருவரைப் பற்றியும் இவர்களுடைய அம்மாக்களைப் பற்றியும்தான் பேச்சு. மூன்றாவதாக வந்தவரை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 88.54 மீட்டர் எறிந்து வெண்கலம் பெற்ற ஆண்டர்சன் பீட்டர்ஸ், 2019, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக சாம்பியன். 2022-இல் நீரஜை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவரும் அவரே. அவருடைய நாட்டின் பெயர் கிரெனடா. அந்நாட்டுக் கொடியை உற்றுப் பார்த்தால், கம்பத்தை ஒட்டிய பச்சை முக்கோணத்துக்குள் மஞ்சளும் சிவப்புமாக ஒரு காய் வெடித்து நிற்பது தெரியும். அது சாதிக்காய். கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும்போது வசம்பு, கடுக்காய், மாசிக்காயோடு சேர்த்து நம் வீட்டுப் பெரியவர்கள் கல்லில் இழைப்பார்களே, அதே சாதிக்காய்.

அந்தப் போட்டிக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு, ஜூலை 1 அன்று, பெரில் என்ற சூறாவளி கிரெனடாவின் கரியாக்கூ தீவில் கரையேறியது. அரை மணி நேரத்தில் தீவு தரைமட்டமாகிவிட்டது என்றார் பிரதமர் டிக்கன் மிட்செல். கரியாக்கூவிலும் அதன் பக்கத்துச் சிறு தீவான பெட்டி மார்ட்டினிக்கிலும் பத்தில் ஒன்பது கட்டடங்களுக்கு மேல் சேதமாயின.

கரியாக்கூவில் ஆறு கிடையாது. பெரும்பாலான வீடுகளில், கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாகத் தொட்டியில் இறக்கிச் சேமித்துத்தான் ஆண்டு முழுவதும் புழங்குகிறார்கள். கூரை பறந்துவிட்டால் அங்கே வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடமில்லாமல் போவதோடு குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் போகிறது. அன்று தீவின் ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. அங்கே விண்ட்வர்ட் என்றொரு கடலோர ஊர். அந்த ஊர்க்காரர்கள் வரைபடம் எதுவும் இல்லாமல், கண் அளவை வைத்தே கடற்கரையில் மரப்படகு கட்டுவார்கள். கட்டி முடித்த படகைக் கடலில் இறக்கும் நாள் ஊருக்கே விருந்து. அந்தக் கலையை யுனெஸ்கோ 2023 டிசம்பரில்தான் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்திருந்தது. ஏழு மாதங்கள் முடிவதற்குள் புயல் வந்துவிட்டது.

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அமைப்பின் தலைமைச் செயலர் சைமன் ஸ்டீலுக்கும் சொந்த ஊர் கரியாக்கூதான். புயலுக்குப் பின் ஊர் திரும்பிய அவர், இடிந்து கிடந்த பக்கத்து வீட்டின் கூடத்தில் நின்றபடி உலகத்திடம் பேசினார். அதே தெருவில் அவருடைய பாட்டியின் வீடும் அழிந்திருந்தது. ஆண்டுதோறும் உலக நாடுகளை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து கரியமில வாயுவைக் குறையுங்கள் என்று கேட்கும் வேலையில் இருப்பவருக்கு, அந்தப் பேச்சுவார்த்தைகள் தோற்றால் என்ன ஆகும் என்பதைத் தன் பாட்டி வீட்டின் இடிபாடே காட்டியது.

கிரெனடா, கரியாக்கூ, பெட்டி மார்ட்டினிக் ஆகிய மூன்று தீவுகளும் சேர்ந்து மொத்தம் 344 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். மக்கள்தொகை ஏறத்தாழ 1.15 லட்சம். வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியன் தீவு வரிசையின் தென்கோடிப் பக்கம். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ். பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது 1974 பிப்ரவரி 7-இல்.

அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளை ஓர் ஊர்ப் பெயரிலிருந்தே படிக்கத் தொடங்கலாம். 1651-இல் பிரெஞ்சுப் படையிடம் பிடிபட விரும்பாத கரீப் பழங்குடியினர், வடமுனைச் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதித்து உயிரை விட்டார்கள். அந்த ஊருக்கு இன்றும் சோட்டர்ஸ் என்றே பெயர். குதிப்பவர்கள் என்று பிரெஞ்சில் பொருள். 1763-இல் தீவு பிரிட்டன் கைக்கு மாறியது. 1795-இல் ஜூலியன் ஃபெடோன் என்ற கலப்பின நிலக்கிழார் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ந்தெழுந்து, ஓராண்டுக்கு மேல் தீவின் பெரும்பகுதியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். கடைசியில் பிரிட்டிஷ் படை வென்றது. ஆனால் ஃபெடோன் பிடிபடவே இல்லை. அவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று, 1857 மே 1 அன்று மெய்ட்ஸ்டோன் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து இந்தியக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. கரை சேர்ந்தவர்கள் 287 பேர். நடுக்கடலில் இறந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் அவர்கள்.

இந்த வரலாறு முழுவதையும் ஒரே பாத்திரத்தில் பார்க்க வேண்டுமானால் அவர்கள் சமைக்கும் ‘ஆயில் டவுன்’ என்ற தேசிய உணவைப் பார்க்க வேண்டும். அகன்ற பாத்திரத்தில் கறிப்பலாவைத் துண்டு போட்டு அடுக்குவார்கள். ஈரப்பலா என்று கன்னியாகுமரிப் பக்கமும் இலங்கையிலும் சொல்வது இதைத்தான். பசிபிக் தீவுகளிலிருந்து, அடிமைகளுக்கு மலிவான சோறாக இருக்கட்டும் என்று பிரிட்டிஷ்காரர்கள் கரீபியனுக்குக் கொண்டுவந்த மரம் அது. அதன்மேல் உப்புக்கண்டமோ கருவாடோ, பச்சை வாழைக்காய், மாவு உருண்டை, சேம்பு இலை. பிறகு தேங்காய்ப்பால், மஞ்சள். மஞ்சளை அவர்கள் குங்குமப்பூவின் பெயரால் ‘சாஃப்ரன்’ என்றே அழைக்கிறார்கள். தேங்காய்ப்பால் முழுவதும் சுண்டி, அடியில் எண்ணெய் மட்டும் நிற்கும்வரை வேகவிடுவதால்தான் அந்தப் பெயர். ஒரு வீட்டுக்கென்று அதைச் சமைப்பது குறைவு. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து, முற்றத்தில் மூன்று கல் வைத்து ஏற்றும் கூட்டுச் சமையல் அது.

சாதிக்காயும் வெளியிலிருந்து வந்ததே. அதன் பூர்வீகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். அந்த மரங்கள் தனக்கு மட்டுமே வேண்டும் என்று டச்சுக் கம்பெனி 1621-இல் பண்டா மக்களைக் கொன்று குவித்தது. கிரெனடாவுக்கு அது வந்து சேர்ந்தது 1843 வாக்கில் என்கிறார்கள். கரும்புக்கு ஆலை வேண்டும், பெருந்தோட்டம் வேண்டும். சாதிக்காய்க்கு வீட்டுக் கொல்லை போதும். விடுதலையான அடிமைகளின் பிள்ளைகள் மலைச்சரிவில் கிடைத்த துண்டு நிலத்தில் கொக்கோவுக்கும் வாழைக்கும் நடுவே நாலு கன்று வைத்தார்கள். நாளடைவில் அது ஏழைகளின் பணப்பயிர் ஆயிற்று. 1947-இல் சாதிக்காய் விவசாயிகளுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது.

கூயாவ் என்ற மீனவ ஊரில் இருக்கிறது சாதிக்காய் பதப்படுத்தும் பெரிய கூடம். பழுத்த காய் மரத்திலேயே வெடிக்கும். உள்ளே கரும்பழுப்புக் கொட்டையைச் சுற்றி, செக்கச் சிவந்த வலை போலச் சாதிபத்திரி ஒட்டியிருக்கும். அதை உரித்துத் தனியே காயவைக்க வேண்டும். கொட்டைகளை மரத்தட்டுகளில் பரப்பி வாரக்கணக்கில் உலர்த்துவார்கள். ஓடு உடைத்தபின் பருப்பைத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்குவது முதல் தரம், மளிகைக்குப் போகும். மிதப்பது எண்ணெய்க்கும் மருந்துக்கும் போகும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையாலேயே தரம் பிரிப்பார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று கிரெனடாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த கிரானி ஜேம்ஸ் இந்த ஊர்ப் பையன்தான்.

சாதிக்காய் மரத்தில் ஆண் உண்டு, பெண் உண்டு. பெண் மரம்தான் காய்க்கும். விதை போட்டு வளர்த்த கன்று ஆணா பெண்ணா என்பது ஐந்தாறு ஆண்டு கழித்து அது பூக்கும்போதுதான் தெரியும். ஆணென்று தெரிந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் வீண். பெண்ணாக இருந்தாலும் ஏழெட்டு ஆண்டுக்குப் பிறகே காய்ப்பு. முழு விளைச்சல் கொடுக்க இருபது ஆண்டு ஆகும். தாத்தா நட்டதைப் பேரன் பறிக்கும் பயிர் என்று சொன்னால் மிகை அல்ல.

அந்த இருபது ஆண்டு அவர்களுக்குக் கிடைக்கிறதா என்பதே கேள்வி. 1955 செப்டம்பரில் ஜேனட் சூறாவளி நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களையும், தீவின் சாதிக்காய்த் தோப்புகளில் பெரும்பகுதியையும் கொண்டுபோயிற்று. திரும்ப நட்டார்கள். அடுத்த அரை நூற்றாண்டு பெரும்புயல் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. கிரெனடா சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கிறது, அங்கே பயமில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் நம்பின. புயல் பருவத்தில் பணக்காரர்களின் பாய்மரப் படகுகளைப் பாதுகாப்பாக நிறுத்திவைக்கும் இடமாகவே அது இருந்தது. இந்தோனேசியாவுக்கு அடுத்து, உலகுக்கு அதிகம் சாதிக்காய் அனுப்பும் நாடாகவும் ஆனது.

2004 செப்டம்பர் 7-இல் ஐவன் வந்தது. 39 பேர் இறந்தார்கள். பத்தில் ஒன்பது வீடுகள் சேதமாயின. பழைய சிறைச்சாலையின் சுவர் இடிந்து கைதிகள் வெளியேறினார்கள். பிரதமர் கீத் மிட்செலின் வீட்டுக் கூரையும் போய்விட, அவர் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்தபடி நாட்டை நடத்தினார். மொத்த இழப்பு, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் இரண்டு மடங்கு. சாதிக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அடுத்த ஜூலையில் எமிலி என்ற இன்னொரு புயல் வந்து மிச்சத்தையும் உலுக்கிவிட்டுப் போயிற்று.

எமிலி கிரெனடாவைக் கடந்தபின் வலுத்து, அட்லாண்டிக்கில் ஆண்டின் மிக முன்னதாக, புயல்களின் உச்ச வகையான ஐந்தாம் வகையை எட்டிய புயல் என்ற பெயரை 2005-இல் பெற்றது. அந்தச் சாதனையை 2024-இல் முறியடித்தது பெரில். கடல் சூடேறச் சூடேற, ஜூலைத் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட புயல்கள் பிறக்கின்றன. இரண்டுமே போகிற வழியில் மிதித்துச் சென்றது இந்தச் சின்ன நாட்டை.

ஐவனுக்குப் பிறகு நட்ட கன்று எப்போது முழு விளைச்சலுக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது ஆண்டு. 2024. கிரெனடா தீவின் வடபகுதியில் சாதிக்காய், கொக்கோ தோட்டங்களைப் பெரில் வீழ்த்தியதும் அதே ஆண்டில்தான்.

ஆனால் கடனுக்கு இப்படிக் காத்திருக்கும் வழக்கம் இல்லை. அதன் தவணைத் தேதி மாறாது. கடன் வாங்கிக் கட்டிய பள்ளிக்கூடத்தைப் புயல் கொண்டுபோனாலும் பள்ளிக்கூடத்துக்கான கடன் அப்படியே நிற்கும். அதற்கு மேல் புதிய பள்ளிக்கூடம் கட்டப் புதிய கடன். ஐவனுக்குப் பின் கிரெனடாவால் தவணை கட்ட முடியவில்லை. கடன்காரர்களிடம் பேசி அவகாசம் வாங்கினார்கள். 2013-இல் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைத் தாண்டியது. மறுபடியும் கட்ட முடியவில்லை. இதை வீண்செலவு செய்து கெட்டுப்போன குடும்பத்தின் கதையாகச் சொல்லும் பொருளியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பிற்பகலில் இரண்டு ஆண்டு வருமானத்தை இழந்த குடும்பத்தின் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுப்பது நியாயமாகப் படவில்லை.

அப்படியொரு நெருக்கடியில் கிரெனடா செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. 2015-இல் கடன் பத்திரங்களைத் திருத்தி எழுதியபோது, அவர்கள் ஒரு விதியைப் போராடிச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேதம் தரும் புயல் தாக்கினால், அடுத்து வரும் தவணைகளைத் தள்ளிவைக்கலாம். கடன் தள்ளுபடி கிடையாது, வட்டியும் நிற்காது. கேட்டது அவகாசம் மட்டுமே. புயல் கடுமையானதா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியதும் இல்லை. ஐவன் தந்த பாடத்தால் கரீபியன் நாடுகள் 2007-இல் கூட்டாகத் தொடங்கிய பேரிடர் காப்பீட்டு நிதியம், காற்றின் வேகத்தையும் மழையையும் அளந்து இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது. அந்தத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் விதி உயிர்பெறும்.

பெரிலுக்குப் பின் அந்த நிதியத்திலிருந்து கிரெனடாவுக்கு 4 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் அரசு புயல் விதியைப் பயன்படுத்தி, பத்திரத் தவணைகளைத் தள்ளிவைத்தது. உலகிலேயே ஒரு நாடு இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. நியூயார்க்கிலும் லண்டனிலும் இருக்கும் முதலீட்டாளர்களுக்குப் போயிருக்க வேண்டிய பணம் கரியாக்கூவின் கூரைகளுக்குத் திரும்பியது. சந்தை இடிந்து விழவில்லை. கடன் கொடுத்தவர்கள் யாரும் திவாலாகவில்லை. திருப்பித் தர முடியாமல் நாடே முடங்குவதைவிட, ஓராண்டு பொறுத்திருந்து வட்டியோடு வாங்கிக்கொள்வது அவர்களுக்கும் லாபம்தான். குறை என்னவென்றால், கிரெனடாவின் எல்லாக் கடன்களிலும் இந்த விதி இல்லை.

நேரம் கொடுக்கப்படாத கதை இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1979 மார்ச் 13-இல், எரிக் கெய்ரியின் அடக்குமுறை ஆட்சியை வீழ்த்தி மாரிஸ் பிஷப் ஆட்சிக்கு வந்தார். பள்ளிப் படிப்பை விரிவாக்கினார், முதியோர் எழுத்தறிவு இயக்கம் நடத்தினார், மகப்பேறு விடுப்பைச் சட்டமாக்கினார். தேர்தல் நடத்தாமல், எதிர்த்தவர்களை விசாரணையின்றிச் சிறையில் வைத்ததும் அதே ஆட்சிதான். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. அவர் கனவு கண்டது ஒரு விமான நிலையம். பழைய விமான நிலையம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரவில் விமானம் இறங்க முடியாது. கியூபா ஆட்களையும் இயந்திரங்களையும் அனுப்பியது. பிரிட்டிஷ் நிறுவனமும் அந்த வேலையில் பங்கேற்றது. அமெரிக்க அதிபர் ரீகன் அது ராணுவ ஓடுதளம் என்றார். பிரச்சினை சாதிக்காய் அல்ல, அமெரிக்காவின் பாதுகாப்பு என்று 1983 மார்ச்சில் மேடையில் பேசினார். அதே மாதம், வானிலிருந்து எடுத்த ஓடுதளப் படத்தைத் தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்குக் காட்டினார்.

அக்டோபரில் பிஷப்பின் கட்சியே இரண்டாகப் பிளந்தது. 19-ஆம் தேதி, தலைநகரின் கோட்டைக்குள் பிஷப்பையும் அவருடைய சகாக்களையும் அவர்களது சொந்த ராணுவமே சுவரோரம் நிறுத்திச் சுட்டது. ஆறு நாள் கழித்து அமெரிக்கப் படை வந்து இறங்கியது. மனநல மருத்துவமனை ஒன்றின்மேல் குண்டு விழுந்து நோயாளிகள் இறந்தார்கள். ஐ.நா. பொதுச்சபையில் 108 நாடுகள் இந்தப் படையெடுப்பைக் கண்டித்தன. அடுத்த மாதம் டெல்லியில், இந்திரா காந்தி தலைமையில் நடந்த காமன்வெல்த் மாநாட்டிலும் கிரெனடா பற்றிய விவாதத்தில் அனல் பறந்தது. ராணுவ ஓடுதளம் என்று சொல்லப்பட்ட அதே விமான நிலையத்தை அமெரிக்காவே பணம் கொடுத்து முடித்து 1984-இல் திறந்தது. சுற்றுலாப் பயணிகள் இன்று அதில்தான் வந்து இறங்குகிறார்கள். 2009-இல் அதற்கு மாரிஸ் பிஷப்பின் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஃபெடோனுக்குப் பிறகு, அடக்கம் செய்யக் கல்லறை இல்லாத இரண்டாவது தலைவர்.

அமெரிக்கா வந்ததை நன்றியோடு நினைக்கும் கிரெனடாக்காரர்களும் உண்டு. அக்டோபர் 25 அங்கே நன்றி தெரிவிக்கும் விடுமுறை நாள். கொலைகாரர்களின் ஊரடங்கில் நாட்கணக்கில் அடைந்து கிடந்தவர்களின் அந்த உணர்வைத் தூரத்திலிருந்து நாம் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் ஒரு லட்சம் பேர் தங்கள் தவறுகளைத் தாங்களே செய்து, தாங்களே திருத்திக்கொள்ளும் கால அவகாசம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்றே நினைக்கிறேன். 2025 அக்டோபரில், வெனிசுவேலாவோடு பதற்றம் ஏறியபோது, அதே விமான நிலையத்தில் ரேடார் கருவி நிறுவ இடம் கொடுங்கள் என்று அமெரிக்கா கேட்டது. எங்கள் முன்னே இருக்கும் தெரிவுகள் எத்தனை குறுகலானவை என்று அந்நாட்டு மக்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் உணர வேண்டியிருக்கிறது. ஐவனுக்குப் பின் சில மாதங்களிலேயே, தைவானுடனான உறவை விட்டுச் சீனாவை அங்கீகரித்தார்கள். புயலில் இடிந்த கிரிக்கெட் மைதானத்தைச் சீனா கட்டிக்கொடுத்தது. 2013 முதல் வெளிநாட்டுப் பணக்காரர்களுக்குக் குடியுரிமையை விற்கிறார்கள். அது எனக்கு உவப்பானது அல்ல. வேறு எதை விற்றுக் கூரை போடுவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்வதும் எளிதல்ல.

இதில் இந்தியாவுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. 2024 நவம்பரில் கயானாவின் ஜார்ஜ்டவுனில் இந்தியாவும் கரீபியன் நாடுகளும் கூடிய உச்சி மாநாட்டை, பிரதமர் மோடியும் கிரெனடா பிரதமர் டிக்கன் மிட்செலும் கூட்டாகத் தலைமை ஏற்று நடத்தினார்கள். தீவு நாடுகளின் கட்டுமானங்கள் பேரிடரைத் தாங்குவதற்கான ஒரு திட்டத்தை 2021-இல் கிளாஸ்கோவில் முன்னின்று தொடங்கியதும் இந்தியாதான். சிறு நாடுகளுக்கு நம் எக்சிம் வங்கி வழியாகக் கடன் கொடுத்துவருகிறோம். உலக வங்கியும் பிரிட்டனும் தங்கள் கடன்களில் பேரிடர் ஒத்திவைப்பு விதியைச் சேர்க்க முன்வந்துவிட்டன. புயலும் கடனும் சேர்ந்து தாக்கினால் என்ன ஆகும் என்பதை எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லாத நாடு நம்முடையது. தீவு நாடுகளோடு இந்தியா எழுதும் ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்திலும், பழையது புதியது என்று பாராமல், கிரெனடாவின் புயல் விதி இடம்பெற வேண்டும். வெளியுறவுத் துறையும் நிதித் துறையும் மனம் வைத்தால் இதற்குப் பெரிய செலவு ஆகாது. கரீபியனில் சூறாவளிப் பருவம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. அடுத்த ஜூன் 1-க்குள் அந்த வரியை எழுதிவிடுங்கள்.